திரையிசையின் வரலாறு – 17: கோடுகள் எழுப்பும் தந்தியொலி

ஒவ்வொரு சுரத்தையும் ஐந்து கோடுகளின் மீது எழுதி, அதன் கால அளவையும் வரையறுத்து, இசைக்குழு அதை அணுவளவும் பிசகாமல் வாசிக்க வேண்டும் என்பதே மேற்கத்தியத் திரையிசையில் நெடுங்காலம் நிலவிய வழக்கம் என்பதை இத்தொடரின் முந்தைய பகுதிகளில் கண்டோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வழக்கத்துக்கு மாற்றாக எழுந்ததே வரைபட இசைக்குறிப்பு. சுரங்களுக்குப் பதிலாகக் கோடுகள், பட்டைகள், முக்கோணங்கள், வளைவுகள் ஆகியவற்றைக் கொண்டு ஒலியின் வடிவத்தை மட்டும் காட்டி, அதன் நுணுக்கங்களை வாசிப்பவரின் மனோதர்மத்துக்கு விட்டுவிடும் முறை இது. அமெரிக்க இசையமைப்பாளர் ஏர்ல் பிரவுனின் ‘டிசம்பர் 1952’ இம்முறையின் எல்லைக்கே சென்ற படைப்பு. அதன் தாளில் கிடையாகவும் செங்குத்தாகவும் சிதறிக் கிடக்கும் சிறு கட்டங்களைத் தவிர வேறெதுவும் இல்லை.

முழுச் சுதந்திரத்துக்கும் முழுக் கட்டுப்பாட்டுக்கும் இடையே ஒரு வழியைக் கண்டு, அதைத் தந்திக் கருவிகளுக்கென்றே வளர்த்தெடுத்தவர் போலந்தின் கிரிஸ்டோப் பெண்டெரெட்ஸ்கி (1933–2020). 1960இல் அவர் எழுதி, முதலில் ‘8 நிமிடம் 37 நொடி’ என்று கால அளவையே தலைப்பாக வைத்து, பின்னர் ஹிரோஷிமாவில் மாண்டோருக்கான இரங்கலாகப் பெயர் மாற்றிய படைப்பு, 24 வயலின், 10 வியோலா, 10 செலோ, 8 டபுள் பேஸ் என 52 கருவிகளுக்கானது. அதன் தொடக்கத்தில் உள்ள கருப்பு முக்கோணம் எந்தச் சுரத்தையும் குறிப்பதில்லை. ஒவ்வொரு கலைஞரும் தம் கருவியில் எட்டக்கூடிய மிக உயர்ந்த ஒலியை எழுப்ப வேண்டும் என்பதே அதன் பொருள். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அப்பால் வில்லை இழுப்பதற்கும், கருவியின் உடலை விரல்நுனியால் தட்டுவதற்கும் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. அரைச்சுரத்தையும் இரண்டாகப் பிரித்த கால்சுர இடைவெளிகளில் பல கருவிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது உருவாகும் சுரத்திரளை ஒரு தடித்த கருப்புப் பட்டை காட்டுகிறது; பட்டை விரிந்தால் ஒலி விரிகிறது, குறுகினால் ஒலி குறுகுகிறது.

இப்படைப்பின் ஓரிடத்தில் இசையமைப்பாளர் சில ஒலிச்செயல்களின் வரிசைகளைத் தந்து, அவற்றுள் ஒன்றைக் கலைஞர் தாமே தேர்ந்து, குறித்த நேரத்துக்குள் இயன்ற அளவு விரைவாக வாசிக்கும்படி பணிக்கிறார். ஒருவர் தட்டும்போது மற்றொருவர் இழுக்க, வேறொருவர் மீட்ட, யாரும் முன்கூட்டி எழுத முடியாத உயிர்த்துடிப்பு அந்த ஒலிக்குள் பிறக்கிறது. ராகத்தின் வடிவம் உறுதியாக இருந்தும் ஆலாபனை ஒவ்வொரு முறையும் புதிதாக அமைவதை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஆனால் இங்கே மனோதர்மம் ஒருவருடையதாக இல்லாமல், ஒரே நேரத்தில் பலருடையதாக இருக்கிறது.

இக்குறிப்பின் மற்றொரு தன்மைதான் அதைத் திரைப்படத்தோடு இணைக்கிறது. பெண்டெரெட்ஸ்கி தாள அட்சரங்களை விடுத்து, தாளின் அடியில் ஒவ்வொரு பகுதியும் நீடிக்க வேண்டிய நேரத்தை நொடிகளில் எழுதினார். திரைப்படத்தின் காட்சியும் நொடிகளால் அளக்கப்படுவது ஆதலால், தாளத்தால் கட்டுண்ட இசையைக் காட்சிக்கேற்ப வெட்டும்போது நேரும் சிரமம் இத்தகைய இசையில் பெரிதும் குறைகிறது.

1961இல் 48 தந்திக் கருவிகளுக்காக அவர் எழுதிய ‘பாலிமார்ஃபியா’வில், முந்தைய இரங்கல் இசையைக் கேட்ட நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்த வரைபடங்களே சுரப்பாதையின் வளைகோடுகளாயின. அப்படைப்பு வில்லியம் ஃபிரீட்கினின் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) படத்திலும், ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) படத்திலும் இடம்பெற்றது. குப்ரிக்கின் படத்தில் இசைத் தொகுப்பாளர் கோர்டன் ஸ்டெயின்ஃபோர்த், பெண்டெரெட்ஸ்கியின் படைப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியும் பயன்படுத்தினார். அவை எதுவும் அப்படங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல என்றாலும், திகில் படங்களின் இசைமொழியை அவை மாற்றிவிட்டன.

இதே காலத்தில் இம்முறையையும் அதன் உறவு முறைகளையும் திரைக்கென்றே கையாண்டவர்களும் இருந்தனர். ஃபிராங்கோ எவாஞ்செலிஸ்தி 1964இல் ரோமில் நிறுவிய மனோதர்ம இசைக்குழுவில் ட்ரம்பெட் வாசித்த என்னியோ மோரிக்கோனே, எலியோ பெத்ரி 1968இல் இயக்கிய ‘எ கொயட் பிளேஸ் இன் தி கன்ட்ரி’ படத்தின் இசையை அக்குழுவினருடன் உருவாக்கினார். ‘ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்’ (1980) படத்துக்கு இசையமைத்த ஜான் கொரிலியானோ, சில சுரங்களைக் கட்டத்துக்குள் எழுதி, கலைஞர்கள் அவற்றை ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாமல் அவரவர் வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கும்படி செய்தார். இத்தகைய ஒலிப்பதிவில் நடத்துநர் தாளம் காட்டுபவராக இருப்பதைவிட, எந்தக் கட்டம் எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று கையசைவால் அறிவிப்பவராகவே இருக்கிறார்.

இந்த மரபின் இன்றைய வாரிசுகளுள் முதன்மையானவர் ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட். பெண்டெரெட்ஸ்கியின் தாக்கத்தில் 34 தந்திக் கருவிகளுக்காக அவர் 2005இல் எழுதிய ‘பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்’ படைப்பின் பகுதிகள், பால் தாமஸ் ஆண்டர்சனின் ‘தேர் வில் பி பிளட்’ (2007) படத்தில் இடம்பெற்றன. ஏற்கெனவே இருந்த இசை கலந்திருந்த காரணத்தால் அப்படத்தின் இசை ஆஸ்கர் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. எனினும் வறண்ட குன்றுகளின் மீது வழுக்கிச் செல்லும் அந்தத் தந்தியொலி, பேயோ பிசாசோ இல்லாத ஒரு படத்தில் மனிதனின் பேராசையையே அச்சத்துக்குரியதாக்கியது. திகிலுக்கு மட்டும் உரியது என்று கருதப்பட்ட இசைமொழி குணச்சித்திரத்தையும் வரைய வல்லது என்பதற்கு அதுவே போதிய சான்று.

இன்று கணினியில் ஒரு விசையை அழுத்தினால் சுரத்திரளின் சாம்பிள் ஒலி கிடைத்துவிடுகிறது. ஆயினும் அது என்றோ ஒருநாள் எடுக்கப்பட்ட முடிவுகளின் பதிவே தவிர, இந்தக் காட்சிக்காக இத்தனை கலைஞர்கள் இந்தக் கணத்தில் எடுக்கும் முடிவு அன்று. ஆகவே பின்னணி இசை அமைப்போர், முழுப் படத்துக்கும் இயலாவிட்டாலும் ஒரு காட்சிக்கேனும், தந்திக் கலைஞர்களை நேரில் அழைத்து, சுரங்களுக்குப் பதிலாக ஒரு வரைபடத்தை அவர்கள் முன் வைத்துப் பார்க்க வேண்டும். வாசிப்பவரின் அறிவையும் செவியையும் நம்பும் இசையமைப்பாளருக்கு, அவர் தனியே எழுதியிருக்க முடியாத இசை கிடைக்கும்.