தவணை கடந்தது; கடமை கடந்ததா?

திருவள்ளூர் ஜில்லாவின் வடகோடியிலே, சென்னையினின்று கூடூர் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. இரும்பு உருக்கும் உலைகளும் ரசாயனச் சாலைகளும் அங்கே இரவு பகலாக இயங்குகின்றன. ஜில்லாத் தலைநகரை அடுத்த காக்களூரிலோ சிறு தொழிற்கூடங்கள் பல. இவ்விடங்களில் உழைப்போர் தமிழர் மட்டுமல்லர். ஒடிஸா, பீகார் முதலிய பிரதேசங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தோரும் பலர். அவர்கள் ஒவ்வொருவரையும் நாம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம்: "ஈ.எஸ்.ஐ. பதிவேட்டில் உமது பெயர் ஏறியிருக்கிறதா?" இதற்கு விடை சொல்ல இயலாதவர் ஒருவர் இருப்பினும் அது நம்முடைய கவலைக்கு உரிய விஷயமே.

2025-ம் வருஷம் ஜூன் மாதம் சிம்லாவில் கூடிய தொழிலாளர் அரசாங்க இன்ஷியூரன்ஸ் கழகம் ஒரு சலுகையை அங்கீகரித்தது. அதுவரை பதிவு செய்யாதிருந்த முதலாளிகள் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 முடியத் தாமே முன்வந்து தங்கள் ஸ்தாபனத்தையும், தற்காலிகத் தொழிலாளர், கண்டிராக்ட் தொழிலாளர் உள்ளிட்ட அனைவரையும் பதிவு செய்துகொள்ளலாம். முந்திய காலத்துக்குப் பரிசோதனை இல்லை, பழைய கணக்குகளும் கேட்கப்பட மாட்டா என்பதே அதன் சாரம். 'ஸ்ப்ரீ' என்று அதற்குப் பெயரிட்டனர். அறிவித்த தவணை வந்தது; கடந்தும் போயிற்று.

இம்மன்னிப்பை நாம் குறை கூறவில்லை. பயந்து ஒளிந்திருந்தவரை வெளியே வரச்செய்ய அதுவும் ஒரு வழியே. ஆயினும் மன்னிக்கப்பட்டவர் யார்? முதலாளி அன்றோ! பதிவில்லாத அம்மாதங்களில் நோயுற்றுக் கடன் வாங்கிய தொழிலாளிக்கு அக்கடனை மன்னிப்பவர் யார்?

இத்திட்டம் எவரோ மனமிரங்கி இட்ட பிச்சையன்று. ஜெர்மனியில் 1883-ம் வருஷத்திலும், பிரிட்டனில் 1911-ம் வருஷத்திலும் தொழிலாளருக்கு நோய்க்கால இன்ஷியூரன்ஸ் சட்டமாயிற்று. நம் நாட்டில் பேராசிரியர் அதார்க்கர் 1944-ல் அளித்த அறிக்கையின் அடிப்படையில், சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, 1948 ஏப்ரலில் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரில் பண்டித நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடங்கியது. சட்டத்தின் பெயர் மாறினும் தொழிலாளியின் உரிமை மாறவில்லை.

கணக்கையும் நேயர்கள் பார்க்கட்டும். 2019 ஜூலை முதல் வகுக்கப்பட்ட விகிதப்படி தொழிலாளி தன் கூலியில் நூற்றுக்கு முக்கால் பங்கும், முதலாளி மூன்றேகால் பங்கும் செலுத்த வேண்டும். மாதம் 15,000 ரூபாய் பெறுவோன் கொடுப்பது 113 ரூபாய். அவனுக்காக முதலாளி கொடுப்பது 488 ரூபாய். இதற்கு ஈடாகப் பணியில் சேர்ந்த நாள் முதல் அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. நோயுற்றால் வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். வேலையில் காயமுற்றுப் படுத்தால் 90 பங்கு. பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. உருக்கு உலையின் முன் நிற்பவனுக்கு இவை எத்தகைய பற்றுக்கோடு என்பதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

ஆனால், நோய்க்காலப் பணம் பெறுவதற்கு உரிய சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்கேனும் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம். அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. முதற் பருவத்துச் சந்தாவின் பயன் அடுத்த ஜனவரியிலேதான் தொடங்கும். இன்று பெயரெழுதத் தவறுவதன் தீங்கை நாளை நோய் வரும்போதே தொழிலாளி உணர்கிறான்.

அமெரிக்காவில் 2010-ம் வருஷத்துச் சட்டப்படி, சர்க்கார் நடத்தும் இன்ஷியூரன்ஸ் சந்தையில் ஜனங்கள் ஆண்டுதோறும் குறித்த பருவத்துக்குள் தாமே பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறியவர் பெரும்பாலும் அடுத்த பருவம் வரை காத்திருக்க நேரும். அங்கே மறப்பவன் எவனோ அவனே துன்புறுகிறான். இங்கே பதிவு செய்யும் கடமை முதலாளியினுடையது. அவர் மறந்தால் துன்புறுபவன் தொழிலாளி. இக்கொடுமையை எண்ணும்போது நம் நெஞ்சம் பதைக்கிறது.

"இவர்கள் கண்டிராக்டரின் ஆட்கள், எமக்குச் சம்பந்தமில்லை" என்பது சிலர் கூறும் சமாதானம். இது சட்டத்துக்கு முன் நில்லாது. கண்டிராக்டர் மூலம் வந்தவருக்கும் முதற்கண் சந்தா செலுத்த வேண்டியவர் பிரதான முதலாளியே என்று 1948-ம் வருஷச் சட்டத்தின் 40-வது பிரிவு தெளிவாகக் கூறியது. முதலாளி தவறியதால் தொழிலாளி பயனிழந்தால், கழகம் அதனை அளித்து அவரிடமே வசூலிக்கலாம் என்றது 68-வது பிரிவு. ஆயினும் பெயரில்லாதவன் தான் அங்கே வேலை செய்ததை மெய்ப்பிக்க எத்தனை படிகள் ஏற வேண்டும்! பாஷை அறியாத வெளியூரானாயின் அவன் கதி என்ன?

ஆகவே முதலாளிகளுக்கு நாம் சொல்வது இது: சலுகைத் தவணைகள் வரும், போகும்; சட்டத்துக்கு உட்பட்ட 15 நாட்களுக்குள் பதிவு செய்க என்னும் நெடுநாள் விதி அச்சலுகைகளுக்கு முன்னும் இருந்தது. அடுத்த மன்னிப்பை எதிர்பார்த்து வாளாவிருப்பது நேர்மையாகாது. சர்க்காருக்குச் சொல்வது: முதலாளியை மன்னித்த கருணை தொழிலாளியின் இழந்த நாட்களையும் நோக்கட்டும்.

தேசத் தொண்டர்களே! மேடைப் பிரசங்கம் ஒரு மாலை பொறுக்கும். கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் ஷிப்டு மாறும் வேளையில் ஆலை வாயிலில் நில்லுங்கள். தொழிலாளியின் கூலிச் சீட்டை வாங்கிப் பாருங்கள்; சந்தா பிடித்திருக்கிறார்களா, பத்து இலக்க இன்ஷியூரன்ஸ் எண் அவனுக்குக் கிடைத்திருக்கிறதா, மனைவி மக்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இந்தி அறிந்த தோழர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எண் இல்லாதவனைக் கழகத்தின் அலுவலகத்துக்குக் கூட்டிச் சென்று மனு எழுதிக் கொடுங்கள். ஒரு பெயர் ஏறினால் ஒரு குடும்பம் காக்கப்படும்.