நம்ம வீட்டோட பஸ் ஃபேக்டர் எத்தனை?

இன்னிக்கு டெக் பேசல, வீடு கூட்டுறதைப் பத்திப் பேசப் போறோம். இருங்க, ஸ்கிப் பண்ணிடாதீங்க.

எனக்கு ஊர் அந்தியூர். ஆடி மாசம் குருநாதசாமி கோயில் நோம்பி, குதிரைச் சந்தைன்னு ஊரே நிறைஞ்சிடும். சொந்தக்காரங்க எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் கிளம்புவாங்க. போன வருஷம் அம்மா போன்ல சொன்னாங்க: "இந்த நோம்பிக்கு யாரையும் கூப்பிட வேண்டாஞ் சாமி."

ஊருக்குப் போனப்புறம்தான் காரணம் புரிஞ்சுது. முழங்கால் வலி. அம்மாவால குனிஞ்சு கூட்ட முடியல. அட்டாலி முழுக்க ஒட்டடை, ஆசாரத்து மூலையில தூசி. இதை யாரும் பார்த்துடக் கூடாதுன்னுதான் சொந்தத்தையே வேண்டாம்னு சொல்லியிருக்காங்க.

ஆறுதல் சொல்றதா நினைச்சு, "வீடுன்னா தூசி இருக்கத்தாம்மா செய்யும், விடுங்க"ன்னேன். அம்மா சொன்னாங்க: "உனக்கென்ன கண்ணு, நீ எப்ப வந்தாலும் கூட்டுன வீட்டுக்குத்தான வந்திருக்க."

அந்த ஒரு வரிதான் இந்த எபிசோட்.

நம்ம தலைமுறை சுத்தத்தைப் பெருசா எடுத்துக்கறதில்ல, அவங்க தலைமுறை ரொம்ப எடுத்துக்குதுன்னு சொல்றோம். ஆனா அவங்க ஏன் அப்படி ஆனாங்க? எங்க அப்பத்தா காலத்துல சாணி மெழுகுன தரை. தினமும் கூட்டுவாங்க, வாரம் ஒருக்கா மெழுகுவாங்க. பொங்கலுக்கு அப்பாரு சுண்ணாம்பு அடிப்பார், பசங்க சாமானை எல்லாம் வாசலுக்குத் தூக்கிட்டு வருவாங்க. வேலை பெருசு, ஆனா ஆளும் நிறைய.

அப்புறம் டைல்ஸ் வந்துச்சு, பெயின்ட் வந்துச்சு. சுண்ணாம்பு அடிக்கிற வேலை இல்ல, அப்பாருக்கும் பசங்களுக்கும் லீவு. ஆனா வெள்ளை டைல்ஸ்ல ஒரு முடி விழுந்தாலும் தெரியும். அதனால தினமும் மாப். அது அம்மா ஒருத்தர் தலையில.

அமெரிக்க வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983ல எழுதின 'மோர் வொர்க் ஃபார் மதர்' புத்தகம் இதைத்தான் பேசுது. மெஷின் வந்தப்போ ஆம்பளைங்களும் குழந்தைங்களும் செஞ்ச பங்கு குறைஞ்சுது. 'சுத்தம்'னா என்னங்கிற அளவுகோல் ஏறுச்சு. அம்மாவோட நேரம் மட்டும் பெருசா மிச்சமாகல.

நம்ம நாட்டுக் கணக்கும் பார்க்கலாம். 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வே. 6 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல, ஒரு நாள்ல சம்பளமில்லாத வீட்டு வேலை செஞ்ச பெண்கள் 100க்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். அப்படிச் செஞ்சவங்களோட சராசரி நேரம், பெண்களுக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97.

நம்ம ஃபீல்டுல 'பஸ் ஃபேக்டர்'னு ஒண்ணு சொல்வோம். எத்தனை பேர் திடீர்னு இல்லாமப் போனா ப்ராஜெக்ட் நிக்கும்ங்கிற எண்ணிக்கை. ஒண்ணுன்னா ஆபத்து. எங்க வீட்டோட பஸ் ஃபேக்டர் முப்பது வருஷமா ஒண்ணு. சீமாறு எங்க இருக்குன்னுகூட அப்பாவுக்குத் தெரியல. கோயம்புத்தூர் ஃப்ளாட்ல "நாங்க ரிலாக்ஸ்டு"ன்னு பேசுற எனக்கும் தெரியல. என்னோட ரிலாக்ஸ் அம்மாவோட முழங்கால் மேல நின்னுட்டிருந்துச்சு.

அப்போ என்ன செஞ்சோம்? அம்மாவைச் சேர்ல உட்கார வச்சு, எந்த வேலை எந்தக் கிழமைன்னு சொல்லச் சொல்லி எழுதுனேன். ரெண்டு பக்கம் வந்துச்சு. தண்ணித் தொட்டி கழுவுறது, சாமி விளக்கு தேய்க்கிறதுன்னு நான் வேலைன்னே நினைக்காத அயிட்டங்கள். தினமும் கூட்டுறதும் மாப்பும் அப்பா. ஒட்டடை, ஃபேன், பாத்ரூம் நான், மாசம் ரெண்டு வாரக்கடைசி. ஆரம்பத்துல அப்பா துடைச்ச இடத்தை அம்மா கால்ல துணி வச்சுத் திரும்பத் துடைச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் விட்டாங்க.

இந்த வருஷ நோம்பிக்கு சொந்தம் வந்துச்சு. மூலையில ஒரு ஒட்டடையை நான் கவனிக்கல. சித்தி பார்த்துட்டாங்க. அம்மா சிரிச்சுக்கிட்டே, "அது அவன் டிபார்ட்மென்ட்டு, அவனைக் கேளு"ன்னாங்க.

உங்க வீட்டோட பஸ் ஃபேக்டர் எத்தனை? ஊருக்குப் போறப்போ எண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.