வாவிக்கரையின் நடவாத செய்திகள்

பழைய செய்தித்தாளின் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அன்று நடந்தது நடவாமல் வேறொன்று நடந்திருந்தால் அதே பத்திரிகை மறுநாள் எதை அச்சிட்டிருக்கும் என்று நகைச்சுவையோடு எழுதிப்பார்ப்பது, மாற்று வரலாறு எனப்படும் எழுத்துவகையின் ஒரு கிளையாகும். மாற்று வரலாறு என்பது கடந்தகாலத்தின் ஒரேயொரு திருப்பத்தை மாற்றிவிட்டு, அதனால் விளையக்கூடியவற்றை ஒழுங்காகத் தொடர்ந்து சிந்திப்பதாகும். மகா அலெக்சாந்தர் உரோமின்மீது படையெடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று உரோம வரலாற்றாசிரியர் லிவி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருப்பதால், இது அண்மைக்கால விளையாட்டு அன்று. 1931 இல் ஜே. சி. ஸ்குவயர் தொகுத்த நூலொன்றுக்கு வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிய கட்டுரை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தளபதி லீ கெட்டிஸ்பேர்க் சமரில் வென்றுவிட்டதாகக் கொண்டு, அவ்வுலகின் வரலாற்றாசிரியர் ஒருவர் ‘லீ வெல்லாதிருந்தால்’ என்று கற்பனை செய்வதாக அமைந்தது. உண்மையில் நடந்ததே அங்கு கற்பனையாகிவிடுகிறது.

இவ்வகை எழுத்துக்குச் செய்தித் தலைப்பு பொருந்துவதற்குக் காரணம், அது ஐயமே இல்லாத குரலில் பேசுவதுதான். 1948 நவம்பர் 3 அன்று சிக்காகோ ட்ரிபியூன், அச்சுக்கோப்போர் வேலைநிறுத்தத்தால் பக்கங்களை முன்கூட்டியே முடிக்க நேர்ந்த அவசரத்தில், அமெரிக்க சனாதிபதித் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டது. வென்றவர் ட்ரூமன். அவர் அந்தத் தாளைச் சிரித்தபடி உயர்த்திக்காட்டும் புகைப்படம் இன்றும் உலகெங்கும் பார்க்கப்படுவது, நடவாத ஒன்றை ஒரு தலைப்பு எவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியும் என்பதை அது ஒரே பார்வையில் காட்டிவிடுவதால்தான்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவியையும், அதன் கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் கொண்ட மட்டக்களப்புப் பிரதேசம் இத்தகைய எழுத்துக்கு வளமான நிலம். 1848 ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம். இலங்கைத் தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும்கூட வரி விதித்து, சூலையில் மாத்தளைக் கலகத்தைத் தேடிக்கொண்டது. அதே நிருவாகத்தின் குடியேற்றநாட்டுச் செயலாளரான எமர்சன் டெனன்ட், செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, நிலவு எழுந்தபின் தோணியேறி, மீன்பாட்டு எனப்படும், வாவியின் அடியிலிருந்து எழும் மெல்லிய இசையொலிகளைத் தம் காதாலேயே கேட்டு, பின்னர் தம் நூலில் விரிவாகப் பதிவு செய்தார். இவ்விரண்டு உண்மைகளையும் அருகருகே வைத்தால் தலைப்பு தானாகவே பிறந்துவிடுகிறது: “வாவியில் பாடும் மீன்களுக்குச் சங்கீத வரி, பௌர்ணமி இரவில் இரட்டிப்பு, பாடிய மீன் எதுவென அடையாளங்காட்டுவது தோணிக்காரர் பொறுப்பு.” நாய்க்கு வரி கேட்ட ஆட்சி மீனிடம் கேட்பதற்கு இன்னும் ஓரடிதான் தேவை என்பதே இங்கு சிரிப்பின் ஊற்று. கலகத்தில் உயிர்கள் பலியானதால், இச்சிரிப்பு கச்சேரியின் மேசையைத் தாண்டிச் சமர்க்களத்துக்குப் போகக்கூடாது. யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ 1841 இலேயே தொடங்கிவிட்டதால், இச்செய்தியை வெளியிட அன்று ஒரு தமிழ்ப் பத்திரிகையும் இருந்தது.

மற்றொரு திருப்பம் புகையிரதப் பாதை. 1928 இல் மட்டக்களப்பை வந்தடைந்த தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே கல்முனைக்கோ பொத்துவிலுக்கோ அது சென்றதில்லை. சென்றிருந்தால், 1930 இல் தொடங்கிய வீரகேசரியில் இப்படியொரு தலைப்பு வந்திருக்கக்கூடும்: “கல்முனை மெயில் ஒன்றரை மணி தாமதம், மீன்பாட்டு முடியும்வரை கல்லடியில் வண்டியை எடுக்கவிடப் பிரயாணிகள் மறுப்பு, இரயில்வே இலாகா விசாரணை.” இதில் ‘பிரயாணிகள்’, ‘இலாகா’ என்னும் சொற்களே பாதி வேலையைச் செய்கின்றன, அவ்விடங்களில் ‘பயணிகள்’, ‘திணைக்களம்’ என்று எழுதிவிட்டால் தாள் மஞ்சளாக இருந்தாலும் மை காயாததாகிவிடும். காலத்தின் சொல் பிசகினால் வாசகர் நம்பமாட்டார். நம்பாதவருக்குச் சிரிப்பும் வராது.

ஒரு மனிதரின் வாழ்விலும் இத்தகைய திருப்பம் உண்டு. காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனன், அறிவியல் பட்டதாரியாகி விஞ்ஞானம் கற்பித்தவர். பின்னர் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தராகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக விளங்கி, பண்டைத் தமிழிசைக் கருவியைப் பற்றிய யாழ் நூலை 1947 இல் அரங்கேற்றி, அதே ஆண்டில் மறைந்தார். அவர் துறவு கொள்ளாமல் ஆய்வுகூடத்திலேயே இருந்திருந்தால் என்று எண்ணிப்பார்ப்பவருக்கு, “இரசாயன ஆசிரியர் மயில்வாகனனார் புதிய உலோகக் கலவை கண்டார், தட்டினால் ஏழு சுரங்களும் ஒலிக்கின்றன” என்ற தலைப்பு தோன்றலாம். பாதை மாறினாலும் மனிதர் மாறவில்லை என்பதை அது காட்டுவதால், இந்த நகைச்சுவையில் மரியாதையும் தங்குகிறது. ஒருவரைச் சிறுமைப்படுத்தும் தலைப்பை எழுதுவது எளிது, அதில் கலை எதுவும் இல்லை.

எல்லாத் தேதிகளும் இத்தகைய சிரிப்புக்கு இடந்தருவதில்லை. 1912 இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்று சில பத்திரிகைகள் தவறாக அச்சிட்டன; ஏறத்தாழ 1,500 பேர் இறந்துவிட்ட நிலையில், அந்த நடவாத செய்தியைப் படித்து எவரும் சிரிக்கவில்லை. 1978 நவம்பர் 23 இன் சூறாவளியும், 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையும், நீண்ட போரின் நாட்களும் மட்டக்களப்பில் இன்னும் பழைய செய்தியாகவில்லை. அந்த நாட்களுக்கு மாற்றுத் தலைப்பு எழுதுவோரின் உள்ளத்தில் இருப்பது ஏக்கமே.

ஈழத்துத் தமிழ் வாசகருக்குச் செய்தியோடு சிரிப்பைச் சேர்த்துப் படிக்கும் பழக்கம் புதிதன்று. சிவஞானசுந்தரம் நடத்திய ‘சிரித்திரன்’ என்னும் நகைச்சுவை இதழ் பல ஆண்டுகள் அந்தச் சுவையை வளர்த்தது. மட்டக்களப்பு மண்ணின் எஸ். டி. சிவநாயகம் சுதந்திரன், தினபதி, சிந்தாமணி ஆகிய ஏடுகளுக்கு ஆசிரியராக இருந்து, கூரிய தலைப்பு என்றால் என்ன என்பதை ஒரு தலைமுறைக்கே காட்டினார். அத்தகைய ஏடுகளின் பழைய தாள்களைப் படிக்காமல் மாற்றுத் தலைப்பு எழுத முடியாது.

வாவிக்கரையில் ஒரு தலைப்பு மட்டும் நடந்ததா நடவாததா என்று பிரிக்க இயலாமல் நிற்கிறது. துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்து அந்த ஒலியைக் கேட்கும் மீனவர்கள், டெனன்டிடம் மீனைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. ஊரி எனப்படும் சிறு நத்தைச் சிப்பிகளையே கொடுத்தனர். ஆயினும் ஊர் இன்றுவரை மீன்பாடும் தேன்நாடு என்றே அழைக்கப்படுகிறது. “பாடுவது நாங்களே: ஊரிகள் உரிமைகோரல், மீன்கள் மௌனம்” என்று ஒருவர் எழுதினால், அதற்கு மறுப்பு வெளியிடக் கல்லடிப் பாலத்தடியில் இன்னும் எவரும் இல்லை.