இரவுக்குப் பிறந்த பகல்

கிரேக்கப் புராணம் என்றதும் இடியை ஏந்திய சியூஸும் கடலை ஆளும் பொசைடனும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்த வம்சத்தில் சியூஸ் மூத்தவர் அல்லர், பேரப்பிள்ளை. அவர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஒரு தெய்வக் கூட்டம் இருந்தது. அவர்களுக்கு அரியணை இல்லை, ஆயுதம் இல்லை, பெரும்பாலானவர்களுக்குக் கோயிலும் இல்லை. காரணம், அவர்கள் உலகத்தை ஆண்டவர்கள் அல்லர், அவர்களே உலகம்.

இவர்களைப் பற்றி நமக்குக் கிடைத்த முழுமையான பழைய விவரம் ஹீசியட் பாடிய 'தியோகொனி'. காலம் ஏறக்குறைய கி.மு. 700, அளவு ஆயிரத்துச் சொச்சம் அடிகள். ஹெலிகான் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது கலைத்தேவதைகள் தனக்குப் பாடக் கற்றுக்கொடுத்தார்கள் என்கிறார் ஹீசியட்.

அவர் சொல்லும் வரிசை இது. முதலில் தோன்றியது கேயாஸ் என்னும் பெரும் வெளி. அடுத்து அகன்ற மார்புடைய நிலமான கையா, அதன் ஆழத்தில் டார்டரஸ் என்ற பாதாளம், பிறகு ஈரோஸ் என்ற காதல். கேயாஸிலிருந்து எரிபஸ் என்ற காரிருளும் நிக்ஸ் என்ற இரவும் வந்தார்கள். அவ்விருவரும் கூடிப் பெற்ற பிள்ளைகள்தான் ஒளிரும் மேல்வானமும் பகலும். கையாவோ துணையே இல்லாமல் யுரேனஸ் என்ற வானத்தையும், மலைகளையும், பொன்டஸ் என்ற கடலையும் ஈன்றாள்.

இந்த வரிசைக்குள் ஒரு தர்க்கம் ஓடுகிறது. இடம் இருந்தால்தான் நிலம் நிற்கும். நிலம் இருந்தால்தான் அதைக் கவிந்துகொள்ள வானம் வேண்டும். இணைசேரத் தூண்டும் காதல் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அது இல்லாமல் வம்சம் பெருகாது. எதிலிருந்து எது வந்தது என்ற கேள்விக்கு ஹீசியட் தரும் விடை ஒரு குடும்ப மரம்.

அந்த மரத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பவள் நிக்ஸ். உறக்கம், மரணம், கனவுகள், முதுமை, பூசல், விதி எல்லாம் அவள் பெற்றவை. டார்டரஸின் அருகே அவளுக்கு ஒரு வீடு உண்டு. வெண்கல வாசற்படியில் இரவும் பகலும் எதிரெதிரே வந்து வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். ஒருத்தி உள்ளே நுழைய, மற்றவள் வெளியே கிளம்புவாள். அந்த வீடு ஒருநாளும் இருவரையும் சேர்த்து வைத்திருந்ததில்லை. ஹோமரின் இலியட்டில் உறக்க தேவன் சியூஸின் கோபத்துக்குத் தப்பி இவளிடம்தான் ஓடி ஒளிகிறான். இரவின் மனம் நோகக்கூடாதே என்று சியூஸே சினத்தை அடக்கிக்கொள்கிறார்.

பாதாளத்தின் ஆழத்துக்கும் ஹீசியட்டிடம் ஓர் அளவு இருக்கிறது. வெண்கலப் பட்டடை ஒன்று வானத்திலிருந்து விழுந்தால், ஒன்பது இரவும் பகலும் இறங்கிப் பத்தாம் நாள் நிலத்தைத் தொடும். நிலத்திலிருந்து டார்டரஸுக்கும் அதே ஒன்பது நாள், பத்தாம் நாள். விழும் பொருளையும் காலத்தையும் கொண்டு தொலைவைச் சொன்ன கவி அவர்.

வானம் நிலத்தைவிட்டு விலகியதற்கும் கதை உண்டு. பிள்ளைகளை வெளிவர விடாமல் யுரேனஸ் கையாவின் வயிற்றிலேயே அடைத்துவைக்க, அவள் செய்து கொடுத்த அரிவாளால் மகன் குரோனஸ் தந்தையின் ஆண்குறியை அறுத்தெறிந்தான். இதையொத்த கதை ஹிட்டைட் மக்களின் களிமண் பலகைகளிலும் இருக்கிறது. இன்றைய துருக்கியின் ஹட்டூசாவில் தோண்டி எடுக்கப்பட்ட அவை ஹீசியட்டுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை.

ஆதித் தெய்வங்கள் வழிபாட்டிலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஹீசியட்டின் ஊருக்கு அருகிலுள்ள தெஸ்பியாவில் ஈரோஸே முதன்மைத் தெய்வம். அங்கே அவருக்கு இருந்த மிகப் பழைய உருவம் செதுக்கப்படாத வெறும் கல் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசேனியஸ் எழுதியிருக்கிறார்.

ஹீசியட்டுக்குப் பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் மிலீட்டஸ் நகரத்துத் தேலீஸ், எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்றார். அங்கே தெய்வங்களின் வம்சாவளி போய்விட்டது. முதலில் இருந்தது எது என்ற கேள்வி மட்டும் நிலைத்தது. இன்றைய அண்டவியலும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஆதலால் தியோகொனியைச் சாமி கதையாக மட்டும் படித்து நிறுத்திவிடாதீர்கள். உலகின் தொடக்கத்தை ஒழுங்காக வரிசைப்படுத்திப் பார்த்த சிந்தனையாகவும் படியுங்கள்.