ஓரிதழ்தாமரைக்கு ஐந்து இதழ்

வேளச்சேரி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் கம்பிவேலி போட்ட காலி மனை ஒன்று. ‘இந்த இடம் விற்பனைக்கு அல்ல’ என்ற பலகை, அறுந்த செருப்புகள், ஓரத்தில் சீமைக்கருவேலம். ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே முளைத்த புல்லுக்கு நடுவில், கணுக்கால் உயரத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.

“என்ன சார், சாவி கீவி விழுந்துடுச்சா?” என்றார் எதிரே இஸ்திரி வண்டிக்காரர். பூவைக் காட்டினேன். “ஓரிதழ்தாமரை. எங்க ஊர்க் கொல்லையில மிதிபட்டுக் கெடக்கும்” என்றபடி பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டார்.

ஓரிதழ் என்பது பார்வைக்குச் சரி, கணக்குக்குத் தப்பு. கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் இதழ்கள் ஐந்து. கீழ் இதழ் மட்டும் விரல்நகம் அளவுக்கு விரிந்து, பூச்சி வந்து உட்காரத் திண்ணைபோல் நீள்கிறது. மற்ற நான்கும் அதன் தலைமாட்டில் ஒடுங்கிக் கிடக்கின்றன. தாமரைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஊட்டித் தோட்டங்களில் பூனைமுகம் காட்டும் பான்சிப் பூதான் இதன் பங்காளி. 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதையும் பான்சியின் பேரினமான வயலா என்றே பதிவு செய்தார். பிறகு ஹைபாந்தஸ் ஆனது, 2015-ல் ஆஃப்ரோஹைபாந்தஸ். மூன்று பெயர்களிலும் மாறாமல் ஒட்டிக்கொண்டு வரும் பின்பாதி எனியாஸ்பெர்ம். ஒன்பது விதை என்று பொருள்.

நாட்டு மருந்துக் கடையில் இதன் பொடியை எதற்கு விற்கிறார்கள் என்பது ஊரறிந்தது. அதை வைத்தியரிடம் விட்டுவிடுவோம். எனக்கு வியப்பு வேறு இடத்தில். 1960-களில் காங்கோவில் பணியாற்றிய நார்வே மருத்துவர் லோரென்ட்ஸ் கிரான், பிரசவம் விரைவாக நடக்க அங்குள்ள பெண்கள் ஒரு செடியைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைக் கவனித்தார். அந்தச் செடி, கோரமண்டலத் துணிக்குச் சிவப்பேற்றிய நம் சாயவேருக்கு நெருங்கிய சொந்தம். அதில் வேலை செய்த பொருள் ஒரு புரதம். முட்டை வெள்ளைக்கரு சூட்டில் என்ன ஆகிறது என்று தெரியுமல்லவா? கஷாயத்தில் கொதித்த புரதம் எப்படிப் பிழைத்தது?

1995-ல்தான் அதன் வடிவம் புரிந்தது. சுமார் 30 அமினோ அமிலங்கள் கோத்த சரம். பூக்காரம்மா மாலை கட்டுவதுபோல் தலையும் வாலும் சேர்த்து முடிந்த வளையம். உள்ளே கந்தக அணுக்களால் மூன்று குறுக்குக் கட்டு, அதிலும் ஒன்று மற்ற இரண்டுக்கும் நடுவே புகுந்து முடிச்சாகிறது. சூட்டுக்கு அவிழாது. புரதத்தை நுனியிலிருந்து கடித்துத் தின்னும் நொதிகளுக்கு இதில் நுனியே கிடையாது. சைக்ளோடைடு என்று பெயர் வைத்தார்கள். வயலாக் குடும்பத்தில் இவை ஏராளம், ஓரிதழ்தாமரையிலும் உண்டு. அதிலிருந்து பிரித்த சில, புற்றுநோய் செல்களைக் கொன்றதாக 2020-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆய்வகக் கிண்ணத்தில்தான், அங்கிருந்து மாத்திரைக்கு வெகுதூரம். செடியைப் பொறுத்தவரை இது இலை தின்னும் புழுவுக்கு வைத்த விஷம், அவ்வளவே.

வெயில் விழும் குட்டைப்புல் தரை இதற்குப் போதும். வேளச்சேரிக்கு வடக்கே 2.7 சதுர கிலோமீட்டர் கிண்டி தேசியப் பூங்காவில் புல்லைக் குட்டையாக வைத்திருக்க வெளிமான்கள் இருக்கின்றன. மனையில் யார் இருக்கிறார்கள்? சீமைக்கருவேலம் நிழல் கட்டிவிட்டால் இது போய்விடும்.

அதற்குள் பொக்லைன் வந்துவிட்டது. தை மாதம் செம்மண் கொட்டி மேடாக்கினார்கள். முன்பே பறித்து வந்த இரண்டு காய்களை டிவி மேசையில் ஒரு தட்டில் வைத்திருந்தேன். பட்டாணியைவிடச் சிறியவை. காலையில் ஒன்று மூன்று தோணிகளாகப் பிளந்து கிடந்தது. தோணி காயக் காய இரு விளிம்பும் நெருங்கி விதையைப் பிதுக்கும். ஈரப் புளியங்கொட்டையை இரு விரலில் அழுத்தினால் வழுக்கித் தெறிக்குமே, அப்படி. தட்டில் ஒரு விதைகூட இல்லை. பெருக்கும்போது சோபாவுக்கு அடியில் நான்கு கிடைத்தன, வெளிர்மஞ்சளாக, நீளவாக்கில் வரியோடு.