போனைப் பிடுங்குவதற்கு முன்: உபாகமம் 6 சொல்லும் ஒரு விஷயம்

சில மாதங்களுக்கு முன் சபையில் ஆராதனை முடிந்ததும், எனக்குத் தெரிந்த ஒரு அம்மா தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எட்டாவது படிக்கும் அவர் மகன், போனில் விளையாடும்போது அறிமுகமான ஒருவனோடு மூன்று வாரமாகப் பேசியிருக்கிறான். அந்த ஆள் முதலில் விளையாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறான், பிறகு போட்டோ கேட்டிருக்கிறான், கடைசியில் மிரட்ட ஆரம்பித்திருக்கிறான். பையன் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் கிடந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "ஏன்டா முதல்லயே சொல்லல?" என்று கேட்டதற்கு அவன் சொன்னது: "சொன்னா போனைப் புடுங்கிடுவீங்கன்னுதான்மா."

இந்தப் பதிலை என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளையைக் காப்பாற்றத்தான் அந்த அம்மா கண்டிப்பாக இருந்தார். அந்தக் கண்டிப்பே அவன் வாயை மூடிவிட்டது.

நம்ம கிறிஸ்தவ வீடுகளுக்குப் பழக்கமான ஆயுதம் தடைதான். ஒரு காலத்தில் பல சபைகளில் சினிமாவுக்குப் போவதே பாவம். டிவி வந்தபோதும் இதே கதை. பெட்டியை வீட்டுக்குள்ள விடாதவங்க நிறையப் பேர். பிள்ளைகள் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள் என்பது வேற விஷயம்! ஆனாலும் டிவி ஹாலில் இருந்தது. யார் என்ன பாக்குறாங்கன்னு வீட்டுக்கே தெரியும். போன் போர்வைக்குள் இருக்கிறது. 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடமும் ஞாயிறு ஆராதனையும் அதற்குள்ளேயே வந்துவிட்டன. இன்று வேதாகமமும் அதே திரையில்தான். முழுசாகத் தடை போடுவது பெரும்பாலான வீடுகளில் நடக்காத காரியம்.

சரி, சட்டம் பார்த்துக்கொள்ளுமா? பல சமூக ஊடகங்களில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். இந்த 13 எங்கிருந்து வந்தது? 1998இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டம், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் இணையத்தளங்கள் சேகரிக்கக் கூடாது என்றது. அதனால் நிறுவனங்கள் அங்கேயே கோடு போட்டுக்கொண்டன. அந்த வயதில் பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று யாரும் ஆராய்ந்து சொன்னதல்ல. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் இந்த வரம்பை 16 ஆக்கியது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தகவல் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் குழந்தை என்கிறது. 13, 16, 18 என்று எண் மாறலாம். பயம் வந்தால் பிள்ளை யாரிடம் ஓடும் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை.

இங்கேதான் உபாகமம் 6ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். பிள்ளை வளர்ப்புப் பிரசங்கம் என்றாலே இந்தப் பகுதிதான். வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது. இந்த நாலு நேரத்தையும் இன்று யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சோபாவில் போன், பஸ்ஸில் போன், படுக்கையில் போன், கண் விழித்ததும் போன். பிள்ளைக்கு மட்டுமில்ல, நமக்கும்தான்.

வாசல் நிலைகளில் எழுதச் சொல்லும் 9ஆம் வசனத்தை நாம் நன்றாகவே பின்பற்றுகிறோம். வசன அட்டை மாட்டாத வீடு குறைவு. ஆனால் 20ஆம் வசனம்வரை பலரும் வாசிப்பதில்லை. ஒரு நாள் உன் பிள்ளை உன்னிடம் கேள்வி கேட்பான் என்று அது எதிர்பார்க்கிறது. அடுத்த வசனத்தில் தகப்பன் சொல்ல வேண்டிய பதில் இருக்கிறது. அதில் அதட்டல் இல்லை. நாங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தோம், கர்த்தர் எங்களை மீட்டார் என்று தன் ஜனத்தின் கதையிலிருந்துதான் தகப்பன் தொடங்குகிறான்.

என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும் இதில் இருக்கிறது. கேள்வி கேட்கப் பயமில்லாத பிள்ளை, தன் அடிமைத்தனத்தை மறைக்காத பெற்றோர். "நானும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பாத்துட்டு, காலைல ஜெபிக்க முடியாம எழுந்திருக்கேன்" என்று ஒரு அப்பா சொன்னால், அதைக் கேட்ட பிள்ளை தன்னுடையதையும் சொல்லும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

ஒன்று, ராத்திரி எல்லார் போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். அம்மா அப்பா போனும் சேர்த்துத்தான். இரண்டு, யூடியூபில் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள். எதைப் பார்க்கிறோமோ அதைப் போலவே இன்னும் கொண்டுவந்து கொட்டுவதுதான் அதன் பரிந்துரை முறை. இதைப் பிள்ளைக்கும் விளக்கிச் சொல்லுங்கள். மூன்று, கூகுள் ஃபேமிலி லிங்க் போன்ற வசதிகளைப் பயன்படுத்துங்கள், ஆனால் பிள்ளைக்குத் தெரிந்தே. ஒளிந்து வேவு பார்த்தால், ஒளிப்பதைத்தான் அதுவும் கற்றுக்கொள்ளும்.

நாலாவதுதான் முக்கியம். இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லுங்கள்: "எது நடந்தாலும் என்கிட்ட வா. நீ வந்து சொன்னதுக்காக உன் போனைப் புடுங்க மாட்டேன்." பிறகு அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள். யாராவது மிரட்டினால் பணமோ இன்னொரு படமோ அனுப்ப வேண்டாம். உரையாடலை அழிக்கவும் வேண்டாம், அதுதான் சாட்சி. 1098 குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடலாம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் கொடுக்கலாம்.

அந்த அம்மாவும் புகார் கொடுத்தார். பையன் இப்போது பரவாயில்லை. போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்ததாம். அவனே போனைக் கொண்டுவந்து நீட்டி, "அம்மா, இது யாருன்னு பாருங்க" என்றானாம். "திருப்பி அவன் கையிலயே கொடுத்துட்டேன்" என்றார் அந்த அம்மா.