உங்களுக்குத் தெரியுமா? குடலுக்குக் காவல் ஒரே ஒரு செல் வரிசை!

குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியாக்கள். அந்தப் பக்கம் ரத்த ஓட்டம். நடுவே ஒரே ஒரு செல் கனத்தில் சுவரும், அதன்மேல் சளிப்படலமும்தான்.

இந்தக் காவல் தளர்ந்தால் என்ன ஆகும்? 2007-இல் பிரான்சின் துலூஸ் நகரில், பத்ரீஸ் கானி குழுவினர் சுண்டெலிகளுக்கு 4 வாரம் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தார்கள். சிலவகை பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் எல்.பி.எஸ். என்ற நச்சு, ரத்தத்தில் இரண்டு மூன்று மடங்கு கூடியது. சுவாரசியம் அடுத்ததில்தான்: சாதாரண தீனி தின்ற எலிகளுக்கு அந்த நச்சை மட்டும் சிறுகச் சிறுகச் செலுத்தினார்கள். கொழுப்புத் தீனியைத் தொடாமலேயே அவையும் எடை போட்டன, சர்க்கரையும் ஏறியது!

2013-இல் அக்கர்மான்சியா என்ற நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தபோது, எலிகளின் குடலில் கொழுப்புத் தீனியால் மெலிந்திருந்த சளிப்படலம் மீண்டும் தடித்தது.